டிராயர் டிராலியா, அடுக்குப் பெட்டியா, பட்டறையில் அடித்த தள்ளுவண்டியா?

கோவை கணபதியில் இருக்கும் எங்கள் கார் ரிப்பேர் ஷெட்டின் மூலையில் சிவப்பு நிறத்தில் ஏழு டிராயர் டிராலி ஒன்று நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் 27,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. பெயர்தான் டிராலி, கடைசியாக அதை நகர்த்தியது ஷெட்டுக்கு வெள்ளை அடித்தபோது. வேலை நடக்கிற இடத்துக்கெல்லாம் போய்வருவது அதன் பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிற மூன்று தட்டுத் தள்ளுவண்டி. தெருமுனை வெல்டிங் பட்டறையில் சொல்லி அடித்தது, சக்கரத்தோடு சேர்த்து 8,500 ரூபாய் ஆனது.

புதிதாக ஷெட் போடும் தம்பிகள் இரண்டு பேர் ஒரே மாதத்தில் "டூல்ஸ் வைக்க எது வாங்கறதுங்கண்ணா" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, அதனால் எழுதிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களுடையது இரண்டு கார் நிற்கிற ஷெட், நானும் மூன்று பையன்களும். தரை சிமெண்ட், அங்கங்கே வெடிப்பு, கழுவுகிற தண்ணீர் போக வாசல் பக்கம் சரிவு. டைல்ஸ் போட்டு ஏசி வைத்த சர்வீஸ் சென்டர்காரர்கள் நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

கையில் தூக்கிப் போகிற ஐந்து தட்டு இரும்புப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் அதில்தான் ஆரம்பித்தோம். நடுரோட்டில் நின்றுபோன காரைப் பார்க்கப் போகும்போது இன்றைக்கும் அதுதான் பைக்கில் கூட வருகிறது. ஆனால் ஷெட்டுக்குள் நாள் முழுக்க அதைக் குனிந்து குனிந்து துழாவிக்கொண்டிருந்தால் நாற்பது வயதில் முதுகு கேள்வி கேட்கும்.

அடுத்தது ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் அடுக்குப் பெட்டிகள். ஜெர்மனியில் 1993-லேயே சிஸ்டெய்னர் என்று இந்த மாதிரி ஒன்று வந்துவிட்டது. உருட்டிக்கொண்டு போகிற அடுக்கு என்றால் இன்று பலருக்கும் ஞாபகம் வருவது 2017-ல் வந்த, மில்வாக்கி கம்பெனியின் பேக்அவுட். அதன் அடிப்பெட்டியில் 9 அங்குலச் சக்கரம் இரண்டு, தாங்கும் எடை 250 பவுண்டு, அதாவது 113 கிலோ சொச்சம். மழைத்தண்ணீர் உள்ளே போகாத மூடி. என் மச்சான் ஏசி மாட்டும் வேலை செய்கிறார், அவரிடம் இந்த ரகத்தில் மூன்றடுக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் இரவல் வாங்கி ஷெட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டே மாதம்தான் என்பதால் என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்கு அது தங்கம். வேனில் ஏற்றுகிறார், இறக்குகிறார், வாடிக்கையாளர் வீட்டு மாடிப்படியில் இரண்டு பெட்டியைக் கழற்றிக் கையில் கொண்டுபோகிறார். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது: தேவைப்படுகிற சாமான் எப்போதும் அடிப்பெட்டியில்தான் இருக்கும். மேலே இருக்கிற இரண்டையும் கழற்றித் தரையில் வைத்து, எடுத்து, மறுபடி அடுக்க வேண்டும். கையெல்லாம் கிரீஸ் இருக்கும்போது யார் அதைச் செய்வது? இரண்டாவது வாரமே மூன்று பெட்டியும் திறந்தபடி தரையில் கிடந்தன, நாங்கள் தாண்டித் தாண்டி நடந்தோம். அப்புறம், இரண்டு சக்கரம் மட்டும் இருப்பதால் சூட்கேஸ் மாதிரி சாய்த்துத்தான் இழுக்க வேண்டும், எடையில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடுகிறது. வெளி வேலைக்கு வாங்குங்கள். உள் வேலைக்கு வேண்டாம்.

இனி சிவப்பு டிராலி. அதைக் குறை சொல்வதற்கு முன், வாங்கிய முதல் ஆறு மாதம் எனக்கு அதன்மேல் இருந்த காதலைச் சொல்லிவிட வேண்டும். மேல் டிராயரில் சாக்கெட், அடுத்ததில் ரிங் ஸ்பேனர், அதற்கடுத்து பிளேயர் வகையறா, ஒவ்வொன்றுக்கும் ஃபோமில் அதன் வடிவத்துக்கே குழி. விமானப் பராமரிப்பில் இப்படித்தான் வைப்பார்கள், ஒரு குழி காலியாக இருந்தால் ஸ்பேனர் எஞ்சினுக்குள் கிடக்கிறதா என்று தேடாமல் விமானத்தை விடமாட்டார்கள். காருக்கும் அது நல்ல பழக்கம்தான். ராத்திரி ஒரே சாவியில் ஏழு டிராயரும் பூட்டிக்கொள்ளும். தூசி போகாது. பார்க்கவும் ஷெட்டுக்கு ஒரு மரியாதை வருகிறது, வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேரம் கொஞ்சம் குறைவாகப் பேசினார்கள் என்றுகூட எனக்கொரு சந்தேகம்.

பிறகு ஒரு நாள் சின்னப் பையன் 14-15 ஸ்பேனரைத் தேடி மேலிருந்து மூன்று டிராயரை வரிசையாகத் திறந்தான், எதையும் மூடவில்லை. டிராலி அப்படியே முன்பக்கம் சாய்ந்தது. நல்லவேளை எதிரே கார் இருந்தது, டிராலி அதன்மேல் சாய்ந்து நின்றது. பையனுக்கு ஒன்றும் இல்லை, கதவுக்கு டிங்கரிங் செலவு என் தலையில். ஒரு டிராயர் திறந்திருந்தால் மற்றவை திறக்காதபடி உள்ளே ஒரு பூட்டு அமைப்பு நல்ல டிராலிகளில் இருக்கும், என்னுடையதில் இல்லை. வாங்கும்போது கேட்கவும் தெரியவில்லை. கடையிலேயே ஒரு டிராயரை முழுக்க இழுத்து வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்த டிராலி வேண்டாம்.

ஆனால் டிராலியை மூலைக்குத் தள்ளியது அந்தச் சம்பவம் இல்லை, சக்கரம். இந்த விஷயத்தில் சக்கரத்தைத் தவிர மற்றதெல்லாம் அடுத்தபட்சம் என்று நான் நினைப்பதால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

டிராலியின் காலி எடையே 60 கிலோ. அதில் நாங்கள் போட்டது ஏறக்குறைய 140. மொத்தம் 200 கிலோ, நான்கு சக்கரம், ஒவ்வொன்றிலும் 50 கிலோ தாங்கும் என்று அச்சடித்திருந்தது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மேடுபள்ளமான தரையில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் எடை தாங்குவதில்லை, ஒன்று எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும், மூன்று கால் முக்காலி ஆடாது நான்கு கால் ஸ்டூல் ஆடும் என்பது போல. அதனால் மொத்த எடையை மூன்றால்தான் வகுக்க வேண்டும். 200-ஐ மூன்றால் வகுத்தால் 67. ஆக முதல் நாளிலிருந்தே அந்தச் சக்கரங்கள் சக்திக்கு மீறிச் சுமந்துகொண்டிருந்தன.

இன்னொன்று, அளவு. கூட வந்தவை 3 அங்குலச் சக்கரங்கள். எங்கள் இரண்டு பே (கார் நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) நடுவிலும் தரையில் அரை அங்குலம் ஏற்ற இறக்கம் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: அரை அங்குலப் படியில் 3 அங்குலச் சக்கரம் ஏற வேண்டுமானால் அதன் மேலிருக்கும் எடையைவிடச் சற்று அதிகமான பலத்தில் தள்ள வேண்டும். 5 அங்குலச் சக்கரம் என்றால் எடையில் முக்கால் பங்கு போதும். கீழே கிடக்கும் ஒரு நட்டு கூட சின்னச் சக்கரத்துக்கு மலைதான். "அண்ணா, இது நகர மாட்டேங்குதுங்க" என்று பையன்கள் சொன்னபோது சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன், பாவம்.

ஒரு சக்கரம் உடைந்ததும் சரி, பெரிதாகவே மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். அங்கேதான் வினை. டிராலியின் அடித்தகட்டில் இருந்த துளை இடைவெளிக்கு இங்கே கடையில் கிடைத்த எந்தச் சக்கரமும் பொருந்தவில்லை. புதுத் துளை போடலாம் என்றால் தகடு மெல்லிசு, பழைய துளைகளைச் சுற்றி ஏற்கெனவே கிழிந்து வளைந்திருந்தது. விற்ற கடையில் கேட்டதற்கு ஸ்பேர் தனியாக வராது என்றார்கள். அடியில் ஆங்கிள் ஃபிரேம் அடித்து அதில் சக்கரம் வைக்கலாம், அதற்கு டிராலியை முழுக்கக் காலி செய்து கவிழ்க்க வேண்டும், பவுடர் கோட்டிங் கருகும். ஃபிரேமுக்கு விலை கேட்கப் போனபோது பட்டறைக்காரர்தான் சொன்னார், "இதுக்கு ஆகுற காசுல இன்னும் கொஞ்சம் சேத்துனா புதுசாவே ஒரு வண்டி அடிச்சுக்கலாங்க."

அப்படி வந்ததுதான் தள்ளுவண்டி. 25 மி.மீ. சதுர டியூபில் சட்டம், 18 கேஜ் தகட்டில் மூன்று தட்டு, ஒவ்வொன்றும் இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி, சுற்றிலும் இரண்டு அங்குல விளிம்பு. நான்கு மூலையிலும் அடியில் 5 மி.மீ. பிளேட் பற்றவைத்து, சக்கரத்தை 8 மி.மீ. போல்ட் போட்டு மாட்டினோம். சக்கரத்தையே நேராகப் பற்றவைத்துவிடலாம், செலவு மிச்சம் என்று பட்டறையில் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சக்கரம் தேயும் பொருள். அதைப் பத்து நிமிஷத்தில் கழற்றி மாற்ற முடிகிறதா என்பதுதான் இந்த மூன்றுக்கும் நடுவே எனக்கு உண்மையான வித்தியாசம். அடுக்குப் பெட்டியில் சக்கரம் அந்தக் கம்பெனி அச்சோடு வருவது. டிராலியில் என் கதையைச் சொல்லிவிட்டேன். தள்ளுவண்டிக்கு எந்தக் கடைச் சக்கரமும் சேரும், சேராவிட்டால் பிளேட்டில் புதுத் துளை போட்டுக்கொள்ளலாம்.

முதலில் உக்கடம் பழைய இரும்புக் கடையில் நான்கு வார்ப்பிரும்புச் சக்கரம் எடுத்துப் போட்டேன். எடை தாங்கின, ஆனால் தள்ளும்போது ரயில் வருகிற சத்தம், தரை வெடிப்பின் ஓரங்களையும் பெயர்த்தன. ரப்பர் சத்தமில்லாமல் ஓடும், எஞ்சின் ஆயில் பட்டுப் பட்டு ஊதிப் பிசுபிசுத்துவிடும் என்பதால் தவிர்த்தேன். நைலான் கல் மாதிரி, எளிதாக உருளும், ஆயில் ஒன்றும் செய்யாது, சத்தம் மட்டும் உண்டு. இப்போது இருப்பது இரும்பு மையத்தில் பி.யூ. (பாலியூரித்தேன்) வார்த்த 5 அங்குலச் சக்கரம், ஒன்று 650 ரூபாய், 100 கிலோ தாங்கும். வண்டி 30 கிலோ, டூல்ஸ் 110, சில சமயம் மேலே வைக்கும் கியர்பாக்ஸ் 40, ஆக 180. மூன்றால் வகுத்தால் 60 வருகிறது. நிம்மதி. பக்கத்தில் லேத்துப் பட்டறை இருந்தால் பி.யூ. வேண்டாம், செருப்பில் ஒட்டி வரும் இரும்புச் சுருள் அதில் குத்தி நின்றுவிடும், நைலானே நல்லது.

கைப்பிடிப் பக்கம் திரும்பும் சக்கரம் இரண்டு, பிரேக்கோடு. எதிர்ப்பக்கம் திரும்பாத சக்கரம் இரண்டு. நான்குமே திரும்பினால் நெருக்கமான இடத்தில் பக்கவாட்டில் நகர்த்த வசதிதான், எங்கள் வாசல் சரிவில் அது தன் இஷ்டத்துக்குப் போகும். பராமரிப்பு என்றால் ஒன்றே ஒன்று: கை துடைக்கிற காட்டன் வேஸ்ட் நூல். அது தரையில் விழுந்து அச்சில் சுற்றிக்கொண்டு சக்கரத்தையே பிடித்துவிடும், பார்க்கிறவர்கள் பேரிங் போய்விட்டது என்பார்கள். மாதம் ஒரு தடவை உடைந்த ஹாக்சா பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, திரும்பும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போதும்.

வைக்கிற முறை பெரிய ரகசியம் இல்லை. புல்லர், பைப் ரெஞ்ச் மாதிரி கனமானவை அடித்தட்டில், அப்போதுதான் வண்டி நிலையாக நிற்கும். மேல்தட்டில் அன்றாடம் எடுக்கும் ஸ்பேனர், சாக்கெட், ராட்செட். தட்டில் பழைய ரப்பர் மேட்டை வெட்டிப் போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் தள்ளும்போது எல்லாம் குலுங்கி ஒரு பக்கம் சேர்ந்துவிடும். காருக்கு அடியில் படுத்தபடி "மேல்தட்டு, இடது கை ஓரம், பன்னிரண்டு" என்றால் புதுப் பையனும் எடுத்துக் கொடுக்கிறான். டிராயரில் அது நடக்கவில்லை, எந்த டிராயர் என்பதற்கே ஒரு நிமிஷம் போகும்.

தள்ளுவண்டியின் குறைகளும் இருக்கின்றன. பூட்டு கிடையாது. கிரைண்டிங் தூசி நேராக வந்து விழும், ராத்திரி மேலே பழைய ஃபிளக்ஸ் பேனரைப் போட்டு மூடுகிறோம் (இப்போது இருப்பது யாரோ ஒருவரின் காதுகுத்து, குழந்தை தினமும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது). ஐப்பசி மழையில் இரண்டு மூன்று ஸ்பேனர் துரு ஏறியது, ஆயில் துணியால் துடைத்ததும் போய்விட்டது. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் திறந்த தட்டு எப்படித் தாங்கும் என்பதை அங்கே ஷெட் வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் அங்கே இருந்தால் டிராயர் பக்கம் சாய்ந்திருப்பேனோ என்னவோ.

டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், டயல் கேஜ், துல்லியமாக அளவு பார்க்கும் இந்த மூன்றையும் தள்ளுவண்டியில் வைப்பதில்லை. அவை இன்னும் சிவப்பு டிராலியில், ஃபோம் குழிக்குள், பூட்டிய டிராயரில்தான் இருக்கின்றன. அதை விற்கவும் பார்த்தேன், கேட்டவர்கள் எல்லோரும் முதலில் குனிந்து சக்கரத்தைத்தான் பார்த்தார்கள். 6,000-க்கு மேல் யாரும் வரவில்லை. அந்தக் காசுக்கு அலமாரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பே-க்கு இன்னொரு தள்ளுவண்டி சொல்லியிருக்கிறேன். தட்டு, சட்டம் எல்லாம் அதே அளவு. கைப்பிடியை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னேன், சக்கரம் 6 அங்குலம்.