மங்கிய ஹெட்லைட்: தேய்த்துத் தெளிவாக்குவதா, புதிதாக மாற்றுவதா?

பழைய காரின் ஹெட்லைட் மஞ்சளித்துப் புகை படிந்ததுபோல் ஆகிவிட்டால், அதைச் சரிசெய்ய நான்கு வழிகள் உள்ளன: லென்ஸின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றலாம், வாகன நிறுவனத்தின் அசல் பாகத்தை வாங்கலாம், வெளிச்சந்தையில் விற்கும் மாற்றுப் பாகத்தை வாங்கலாம், பிரித்து விற்கப்படும் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகத்தைப் பொருத்தலாம். பலரும் விலையை ஒப்பிட்டே முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் மங்கல் லென்ஸின் வெளிப்பக்கத்தில் உள்ளதா, உள்ளே உள்ளதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

1980களிலிருந்து கண்ணாடி லென்ஸின் இடத்தைப் படிப்படியாகப் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. அது எடை குறைந்தது, எளிதில் உடையாதது. ஆனால் மென்மையானது, வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்காதது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மீது கடினமான பாதுகாப்புப் பூச்சு ஒன்றை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். வெயிலும் வெப்பமும் சாலையில் தெறிக்கும் மணலும் சேர்ந்து அந்தப் பூச்சை அரித்த பிறகு, வெளியே தெரியும் பிளாஸ்டிக் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து மஞ்சளாகிறது. ஆகவே பெரும்பாலான வண்டிகளில் கெட்டுப்போவது லென்ஸின் மேல்தோல் மட்டுமே.

இதை உறுதிசெய்ய லென்ஸைக் கழுவி, அதன்மேல் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நனைந்திருக்கும்போது மங்கல் பெருமளவு மறைந்தால், குறை வெளிப்பரப்பில்தான் இருக்கிறது என்று பொருள். தேய்த்தால் பலன் கிடைக்கும். எந்த மாற்றமும் தெரியாவிட்டால், உட்புறத்தில் ஈரக்கறை படிந்திருக்கலாம், பிளாஸ்டிக்கின் ஆழத்தில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கலாம், அல்லது பல்பின் வெப்பத்தால், ஒளியை முன்னோக்கித் திருப்பும் ரிஃப்ளெக்டரின் பளபளப்பான பூச்சு கருத்துப்போயிருக்கலாம். இவற்றில் எதையும் வெளியிலிருந்து தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அங்கே மாற்றுவது ஒன்றே வழி.

அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஒப்பீட்டுக்குத் தெளிவான அளவுகளைத் தருகிறது. மங்கிய ஹெட்லைட்டுகள், புதியவை தரும் ஒளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டையே தந்தன. அசல் பாகத்தைப் பொருத்தியபோது முழு ஒளியும் திரும்பியது; வெளிச்சந்தைப் பாகம் 83 முதல் 90 விழுக்காடு வரை தந்தது; தேய்த்து மெருகேற்றியவை ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டின. இருபதிலிருந்து எழுபதுக்கு உயர்வது இரவில் வண்டி ஓட்டுபவருக்கு மிகப் பெரிய முன்னேற்றம் என்றே நான் கருதுகிறேன். எனினும் மெருகேற்றிய விளக்குகளில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் சிதறொளி விதிமுறை அனுமதிக்கும் அளவைவிடக் கூடுதலாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது; தேய்ப்பவர் அவசரப்படக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

தேய்க்கும் முறை எளிது, பொறுமைதான் தேவை. சுற்றியுள்ள பெயிண்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, 600 அல்லது 800 எண் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கி, 1500, 2000, 3000 என்று மென்மையான தாள்களுக்குப் போக வேண்டும். லென்ஸ் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். முதல் தாளில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது வெள்ளையாக மாறும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது, ஏனெனில் பழைய பூச்சு ஆங்காங்கே மிஞ்சினால் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் மிச்சமிருப்பது கண்ணுக்குப் படும். இறுதியில் காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசை கொண்டு பாலிஷ் செய்ய வேண்டும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுவதுதான் வருத்தத்துக்குரியது. தேய்த்த லென்ஸில் பாதுகாப்புப் பூச்சு அறவே இல்லை. அப்படியே விட்டால் சில மாதங்களில் முன்பைவிட வேகமாக மஞ்சளாகும். மெழுகு வகைப் பூச்சுகள் விரைவில் கரைந்துபோகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் இருகூறு கிளியர் கோட் (இரண்டு பொருள்கள் கலந்து இறுகும் நிறமற்ற பூச்சு) நெடுநாள் நிற்கும்; அதன் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால், உரிய முகக்கவசம் அணிந்து திறந்த வெளியில் அடிக்க வேண்டும். பற்பசையும் லேசாகத் தேய்க்குமே தவிரப் பாதுகாக்காது. கொசுவிரட்டித் தைலமும் தின்னரும் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்துச் சிறிது நேரம் பளபளப்பைக் காட்டிப் பின்னர் விரிசலை உண்டாக்குபவை. அவற்றை லென்ஸின் அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

மாற்றுவது என்று முடிவானால், வசதியிருப்பவர் அசல் பாகத்தையே வாங்குவது நல்லது. வெளிச்சந்தைப் பாகத்தில் ஒளியின் அளவைவிட ஒளி விழும் இடமே கவலைக்குரியது: அத்தகைய பாகங்கள் ஒளிச்செறிவு, திசை ஆகியவற்றுக்கான விதிமுறைகளில் தவறும் வாய்ப்பு அதிகம் என்று மேற்சொன்ன ஆய்வே கூறுகிறது. கழற்றிய அசல் பாகம், லென்ஸ் தெளிவாகவும் பிடிமானக் காதுகள் உடையாமலும் இருந்தால், வெளிச்சந்தைப் பாகத்தைவிட மேலான தேர்வு என்பது என் கருத்து; அது மங்கியிருந்தாலும் உட்புறம் சுத்தமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம்.

மங்கலை ஈடுகட்ட ஹாலோஜன் விளக்கில் எல்இடி பல்பை மாட்டுவது இந்த நான்கு வழிகளுக்கும் மாற்றாகாது. அந்த ரிஃப்ளெக்டர் ஹாலோஜன் இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் மாறினால் கற்றை சிதறும், மங்கிய லென்ஸ் அதை மேலும் சிதறடிக்கும். பல்பு பழையதாக இருந்தால் அதே வகையில் புதியதை இரு பக்கமும் ஒருசேர மாற்றலாம்.

முழு விளக்கையும் மாற்றியவர்கள் ஓட்டுவதற்கு முன் கற்றையின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். சமதளத்தில், சுவருக்கு எதிரே, வாகனக் கையேடு சொல்லும் தூரத்தில் வண்டியை நிறுத்தி, லோ பீமின் மேல்விளிம்பு கையேட்டில் உள்ள அளவுக்கு வரும்வரை விளக்கின் பின்புறத் திருகைத் திருப்ப வேண்டும். டயர் காற்றும் வண்டியின் சுமையும் அப்போது வழக்கமான அளவில் இருக்க வேண்டும்.