ஹேமடைட்டா, மேக்னடைட்டா: பணம் போடும் முன்

காரைக்குடிப் பக்கம் செம்புராங்கல்லைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம நிலத்துலயும் இரும்பு இருக்கும்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. இரும்பு இருக்கிறதுதான். ஆனால் அலுமினா (அலுமினிய ஆக்சைடு), சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) ஆகிய வேண்டாத கலப்புகளும் கூடவே இருப்பதால் உலைக்காரர் சீண்ட மாட்டார். முதலீடு என்று வந்தால் பார்க்க வேண்டியவை ஹேமடைட், மேக்னடைட் என்ற வேறு இரண்டு இரும்புத் தாதுக்கள்.

சத்தீஸ்கரின் பைலதிலாவில் கிடைப்பது ஹேமடைட். நல்ல தாதில் 60 சதவீதத்துக்கு மேல் இரும்பு. உடைத்து, சலித்து, ரயிலில் ஏற்றினால் சரக்கு தயார். அலுமினா அளவை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்; அதில்தான் விலை அடிபடும்.

சேலம் கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட். இரும்பு சுமார் 35 சதவீதம்தான். பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, 65 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். ஒரு டன் சரக்குக்கு இரண்டு டன்னுக்கு மேல் பாறை அரைபடும். கரண்ட் பில்லும் தண்ணீரும் லாபத்தைத் தின்றுவிடும், அப்புறம் கழிவுச் சேற்றைக் கொட்ட இடம் வேறு. வரவு என்று பார்த்தால், சரக்கு சுத்தம். உருண்டையாக்கிச் சுடும்போது தானே வெப்பம் விடுவதால் எரிபொருளும் மிச்சம்.

சின்ன முதலுக்கு ஹேமடைட்தான் என் கட்சி. மேக்னடைட்தான் என்றால், மொத்த இரும்புச் சதவீதத்தைக் காட்டினால் மயங்க வேண்டாம். சிலிகேட்டுக்குள் (சிலிக்கா சேர்ந்த கனிமத்துக்குள்) சிக்கிய இரும்பு காந்தத்துக்கு வராது. காந்தத்தால் எவ்வளவு பிரியும் என்று காட்டும் டேவிஸ் குழாய்ச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.