நோட்டுப் புத்தகமா, லயத்து வாசலா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா இறந்தபிறகு துக்கத்தை நான் நோட்டில் எழுதினேன்; அம்மா பேசினார்.

உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 15 நிமிடம் வீதம் 4 நாள் மனவலியை எழுதவைத்தார். எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனக்கும், இதம் பிறகுதான். முதல் இரவு எனக்கும் அழுகைதான்.

அம்மாவோ சாயங்காலமானால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பக்கத்து வீட்டு அத்தையிடம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அத்தை ஒருநாளும் “மறந்துடு” என்றதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அப்படி ஓர் ஆள் இருந்தால் பேசுவதே மேல். சொன்னது தோட்டம் முழுக்கப் பரவிவிடும் என்று பயமா? சரி, நோட்டை எடுங்கள். மாதக்கணக்கில் தூக்கம், சாப்பாடு இல்லையென்றால் இரண்டும் போதாது. அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், இல்லாவிட்டால் மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-க்கு அழையுங்கள்.