‘பனியால் கீபோர்டு போய்விட்டது’ என்று சொல்லும் கடைக்கு லேப்டாப்பைக் கொடுக்கும் முன்

குன்னூரில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில், பழுதே இல்லாத கீபோர்டுக்கு 3,400 ரூபாய் என்னிடம் வாங்கப்பட்டது. நீலகிரியில் வேறு யாரும் இப்படிப் பணம் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் சிலருடைய பச்சைத் தேயிலைக் கணக்கை நான் பார்த்துவருகிறேன். அதற்குப் பயன்படும் சிறிய, பழைய லேப்டாப்பில் திடீரென எழுத்துகளுக்குப் பதிலாக எண்கள் விழத் தொடங்கின. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் கே வர வேண்டிய இடத்தில் 2, ஓ வர வேண்டிய இடத்தில் 6, ஐ வரும் இரண்டு இடங்களிலும் 5 என்று விழுந்தன; டி, ஏ, ஜி, ஆர் ஆகியவை மட்டும் ஒழுங்காக வந்தன. பாஸ்வேர்டில் எம் இருந்ததால் கணக்குக் கோப்பையும் திறக்க முடியவில்லை.

கடைக்காரர் தம் மேசையில் கிடந்த யுஎஸ்பி கீபோர்டைச் செருகி அடித்துக் காட்டினார். எல்லா எழுத்தும் சரியாக வந்தது. “பாருங்க சார், வெளி கீபோர்டுல நல்லா வருது. உள்ள இருக்கறதுதான் போயிடுச்சு, நம்ம ஊர் பனியில ஈரம் இறங்கிடுச்சு” என்றார். மழைக்காலத்தில் அலமாரித் துணியிலேயே பூஞ்சை பிடிக்கிற ஊரில் இந்தக் காரணத்தை யார் மறுப்பார்? கோயம்புத்தூருக்கு அனுப்பிப் புதிய கீபோர்டு மாற்ற வேண்டும் என்று முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார், பில் தரவில்லை.

அந்த மாதக் கணக்கையெல்லாம் நோட்டில் எழுதி ஓட்டிய பிறகு லேப்டாப் திரும்பி வந்தது. எழுத்துகள் சரியாக விழுந்தன. ஆனால் புதியது என்று சொல்லப்பட்ட கீபோர்டில், விரல் பட்டுப் பட்டுப் பாதி அழிந்த ஏ எழுத்தும், இடப்பக்க ஷிப்ட் கீயின் உடைந்த மூலையும் அப்படியே இருந்தன. கேட்டதற்கு, உள்ளே இருக்கும் பிலிமை மட்டும் மாற்றியதாகச் சொன்னார். பெரும்பாலான லேப்டாப்களுக்குக் கீபோர்டு முழுப் பாகமாகத்தான் கிடைக்கும். சரி, கழற்றிய பிலிமைக் காட்டுங்கள் என்றால், அதைக் கோயம்புத்தூரிலேயே தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.

சில நாட்களில் அதே கோளாறு மீண்டும் வந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் எஃப்என் கீயை அழுத்திக்கொண்டு, எண் கீகளை இயக்கவும் நிறுத்தவும் உதவும் நம்லாக் கீயை ஒருமுறை தட்டினான். அவ்வளவுதான், எழுத்துகள் திரும்பிவிட்டன.

தனி எண் பகுதி இல்லாத பழைய சிறிய லேப்டாப்கள் பலவற்றில், வலக்கை எழுத்துகளுக்குள்ளேயே எண்களும் ஒளிந்திருக்கும். நம்லாக் தவறுதலாக இயங்கிவிட்டால் ஜே, கே, எல் ஆகியவை 1, 2, 3 ஆகவும், யூ, ஐ, ஓ ஆகியவை 4, 5, 6 ஆகவும், எம் 0 ஆகவும் மாறும். அந்தக் கீகளின் ஓரத்தில் அதே எண்கள் சிறியதாக அச்சிடப்பட்டிருப்பதையும் காணலாம். வெளிக் கீபோர்டின் எழுத்துகளில் இப்படி எண்கள் இல்லாததால், நம்லாக் இயங்கிக்கொண்டிருந்தாலும் அதில் எழுத்து சரியாகத்தான் வரும். ஆகவே கடைக்காரர் செய்துகாட்டிய சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. தொழில் தெரிந்த ஒருவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஈரம் இறங்கிய கீபோர்டு இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யாது: சில கீகள் வேலை செய்யாமல் போகும், சில எழுத்துகள் தாமாகவே தொடர்ந்து விழும், கோளாறு வேளைக்கு வேளை மாறவும் செய்யும்.

இதேபோல், அட் குறியும் (@) இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறி வந்தால், விண்டோஸில் அமெரிக்கக் கீபோர்டு அமைப்புக்குப் பதில் பிரிட்டிஷ் அமைப்பு தேர்வாகியிருக்கிறது என்று பொருள். அதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை, விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி அமைப்பை மாற்றிப் பார்க்கலாம்.

உண்மையிலேயே பாகம் மாற்ற வேண்டி வந்தால், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பில்லையும் கேட்டு வாங்குங்கள். பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. உதவி எண்ணில் நான் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். பில் இல்லாத குறைக்கு, பணம் அனுப்பிய யுபிஐ விவரத்தையும் பாதி அழிந்த ஏ எழுத்தின் பழைய, புதிய படங்களையும் இணைத்திருக்கிறேன்.