முட்டைக்குத் தடை, மிக்சருக்கு வழி: ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பின் 7 ஆண்டுகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, எனக்கும் 120 கிலோ தொட்டுடுச்சு, அந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். செலவு எவ்வளவு, எத்தனை நாள் படுக்கை என்பதையெல்லாம் அவனே விசாரித்து வைத்திருந்ததால், 2018-இல் ஸ்லீவ் என்ற, எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்ட ஒருவன் இத்தனை ஆண்டு கழித்து எப்படிச் சாப்பிடுகிறான் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முந்தைய நாள்தான் எடை இயந்திரத்தில் 87 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு எரிச்சலில் இருந்தேன்.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 118 கிலோவாக இருந்தவன் ஒன்றரை ஆண்டில் 79-க்கு இறங்கினேன். சர்க்கரை மாத்திரை முதல் மாதத்திலேயே நின்றது. இரவில் முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்கிய மூச்சுக்கருவி பரணுக்குப் போனது. திருச்சி மலைக்கோட்டைப் படிகளை மூன்றே இடங்களில் நின்று ஏறி முடித்தேன். இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுக்கிறார்கள், மிச்சம் ஒரு குழாய்போல நிற்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் அந்த வெட்டப்படும் மேற்பகுதியில்தான் உண்டாகிறது என்பதால், முதல் ஆண்டு முழுவதும் பசி என்ற ஒன்றையே மறந்திருந்தேன். மூன்றாம் ஆண்டில் அது சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

என் கோபமெல்லாம் எஞ்சியிருக்கும் அந்தக் குழாய்மீதுதான். அதற்கு அளவு தெரிகிறது, தரம் தெரியவில்லை. கெட்டியான உணவு உள்ளே போய் நின்று வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது. வாயிலேயே மாவாகிவிடுவதும் குழைந்ததும் தங்காமல் வழுக்கி இறங்கிவிடுகின்றன. ஆகவே, உடம்புக்கு வேண்டிய கோழித் துண்டை அவசரத்தில் சரியாக மெல்லாமல் விழுங்கினால், மார்பின் நடுவே ஒரு கல் உட்கார்ந்தது போல அடைத்து, வாயில் எச்சில் ஊறி, கைகழுவும் இடத்தில் பத்து நிமிடம் நிற்க நேரிடுகிறது. மிக்சருக்கோ, தேநீரில் நனைத்த பிஸ்கட்டுக்கோ எந்தத் தடையும் இல்லை. அலுவலகத்தில் மாலை நாலரை மணிக்குப் பக்கத்து மேசைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைப்பார். நான் ஓமப்பொடியை ஒதுக்கிவிட்டு வேர்க்கடலையை மட்டும் பொறுக்குவதாகத் தொடங்கி, ஆறு மணிக்குத் தாளின் மூலையில் ஒட்டியிருக்கும் கறிவேப்பிலைத் தூளை விரல்நுனியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருப்பேன். நூறு கிராம் மிக்சரில் ஏறத்தாழ 500 கலோரி இருக்கிறது. அன்றிரவு வீட்டில் அரை முட்டையிலேயே வயிறு நிறைந்துவிடும். "நாலு வாய்கூடச் சாப்பிடலையேடா, அப்புறம் எப்படி எடை ஏறுது?" என்று அம்மா கேட்பார், பதில் தெரிந்தும் பேசாமல் இருப்பேன்.

இதை யாரும் முன்பே சொல்லவில்லை என்று பல நாள் மருத்துவமனையைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பழைய கோப்பைத் துழாவியபோது, உணவு ஆலோசகர் தந்த தாளின் கடைசி வரியில் "நொறுக்குத் தீனியைத் தவிர்க்கவும்" என்று இருந்தது. சொல்லவில்லை என்று இனிக் குற்றம்சாட்ட முடியாது. ஆனாலும் முதல் ஆறு வாரத்துக்கு, தெளிந்த நீர், கூழ், மசித்த உணவு என்று இரண்டு பக்கம் எழுதியவர்கள், மிச்சமுள்ள ஆயுளுக்கு ஒற்றை வரியை ஒதுக்கியது எந்தக் கணக்கு என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இப்போது பழகியிருக்கும் முறை இதுதான். மகள் குழந்தையாக இருந்தபோது சோறூட்டிய எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறேன். முட்டை, மீன், சுண்டல் எதுவானாலும் அதுதான் முதலில், பிறகு பொரியல், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு கரண்டிச் சோறு. குழம்பை ஊற்றிப் பிசைந்துவிட்டால் சோறு வழுக்கிக்கொண்டு போய்விடும், கணக்கும் அதோடு போய்விடும். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. முடித்த பிறகும் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏழு ஆண்டாகியும் பழகாத ஒன்று இதுதான், அதிலும் காரக் குழம்பு வைத்த நாளில் எதிரே நிற்கும் செம்பைப் பார்க்கவே கூடாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் என்றால், காலையில் இரண்டு இட்லியோடு எழுந்திருப்பவன் எங்கே போய் நிற்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தியில் இலையில் பாதியை விட்டு எழுந்தால், பரிமாறுபவர் "சமையல் சரியில்லையா சார்?" என்று கேட்பது தனித் துன்பம்.

இந்த ஆண்டு ஒரு பழுதுபார்ப்பும் நடந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று எட்டு மாதம் சத்து மாத்திரைகளை நிறுத்தியிருந்தேன்; பாதங்களில் எறும்பு ஊர்வது போல மரமரப்பு வந்தது. இரத்தத்தில் பி12 குறைந்திருந்தது. அந்தச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவும் பொருளை இரைப்பையின் சுவர்தான் சுரக்கிறது, அந்தச் சுவரில் பெரும்பகுதி என்னிடம் இல்லை. ஊசி போட்டு இப்போது பரவாயில்லை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கிவந்ததற்கும் மருத்துவரிடம் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். அதையும் கால்சியம் மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டும் என்பதால் கைப்பேசியில் மூன்று மணியடிப்புகள் வைத்திருக்கிறேன்.

மாலை நாலரைக்கு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் எடுத்துப் போகத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நான்கு நாள் சரியாக நடக்கிறது, ஐந்தாம் நாள் பொட்டலத்துக்குள் கை போகிறது.

118 கிலோவில் தொடர்ந்திருந்தால் மலைக்கோட்டை அடிவாரத்தோடு நின்றிருப்பேன் என்பது தெரிந்தும், தம்பிக்கு "வேண்டாம்" என்றுதான் எழுதினேன். எழுதி ஐந்து நிமிடம் கழித்து மருத்துவரின் எண்ணையும் அனுப்பினேன். போவதற்கு முன் ஒரு மாதம், மாலை நாலரை மணிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.