பெயின்ட் அடிக்க 46,500 ரூபாய்: தூத்துக்குடியில் படகு வேலைக்கு விடுகிறவர்கள் படியுங்கள்

46,500 ரூபாய். நேற்று மாலைதான் தெரிந்தது, அத்தனையும் கடலில் கொட்டியதற்குச் சமம் என்று.

எங்கள் வள்ளத்தின் கியர் பாக்ஸ் நடுக்கடலில் மக்கர் செய்ய, வேறொரு வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்துவந்து திரேஸ்புரத்தில் விட்டார்கள். பட்டறையின் பெயர் வேண்டாம். படகு என்ஜின் பார்க்கும் இடம், அவ்வளவுதான். அங்கிருந்தவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், டீ வரவழைத்தான். "பல்சக்கரம் போய்விட்டது, பேரிங்கும் மாற்ற வேண்டும். நான்கு நாள் ஆகும். இந்த வெயிலில் எதற்கு நிற்கிறீர்கள் அண்ணாச்சி? மகனைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள்" என்றான். அந்த அக்கறையில்தான் விழுந்தேன். முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டால், "நமக்குள் பில் எதற்கு?"

நாங்களும் சுற்றினோம். பனிமய மாதா பேராலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினோம். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்ட கதையை மகனுக்குச் சொன்னேன். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணியில் சரக்கு ஏற்றுவதை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தோம். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்துச் செய்யும் மக்ரூன் அரைக் கிலோ வாங்கி அந்த ஆளுக்கும் கொடுத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது!

நான்கு நாள் ஒன்பது நாளானது. எப்போது போனாலும் கியர் பாக்ஸ்மேல் சாக்கு மூடியிருக்கும். "சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும்" என்பார்கள்.

நேற்று கியர் பாக்ஸை வள்ளத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். முயல் தீவைக்கூடத் தாண்டவில்லை. வேகம் கூட்டியதும் அதே கரகரப்பு, கியர் நழுவிவிட்டது. பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. நகத்தால் சுரண்டினேன். போல்ட் தலையைச் சுற்றிப் பழைய உப்புப் பொருக்கு அப்படியே இருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. எண்ணெயை வடித்தால் தார் மாதிரி. பெட்டியைத் திறக்கவே இல்லை ஐயா! பெயின்ட் அடித்ததற்கு 46,500 ரூபாய்!

திரும்பி வந்து கேட்டால், "வேலை பார்த்த பையன் லீவு." பிறகு, "முதலாளி ஊரில் இல்லை." பிறகு, "நீங்கள் ஓட்டிய விதம் சரியில்லை." முதலாளிக்குப் போன் செய்தால் இரண்டு ரிங் போனதும் கட். கடைசியில், "இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள், பார்க்கிறோம். அதுவரை மணப்பாடு பார்த்தீர்களா?" என்கிறான்!

ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. கழற்றும்போது பக்கத்திலேயே இருங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பில் இல்லாமல் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். டீ வேண்டாம் என்று சொல்லுங்கள். மகன் கூப்பிடுகிறான், வள்ளத்தை இழுத்துப் போக ஆள் வந்துவிட்டார்கள், அதற்குத் தனிக் கூலி.