கள்ளுக் குடித்த நாக்குக்குப் பியர்: இருபது வருட அனுபவம்

ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் பதினொரு வருடம் இருந்துவிட்டு 2016 இல் கிளிநொச்சிக்குத் திரும்பினேன். அங்கே விரும்பிக் குடித்த பியர்களை இங்கே மாமரத்தடியில் இருந்து வியர்க்க வியர்க்கக் குடித்துப் பார்த்தபோது பாதிக்குமேல் பிடிக்காமல் போய்விட்டது. சில பியர்கள் மட்டும் முன்னரைவிட நன்றாக இருந்தன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கொலோன்காரருக்கென்றே ஒரு பியர் இருக்கிறது, பெயர் கோல்ஷ். 1986 இல் செய்த ஒப்பந்தத்தின்படி, அந்த நகரத்தையும் அயலையும் சேர்ந்த ஆலைகள் மட்டும்தான் அந்தப் பெயரைப் போடலாம். ஒல்லியான 200 மில்லிலீற்றர் கிளாஸில் தருவார்கள். முடிகிற நேரம் பார்த்து, கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, கிளாஸுக்குக் கீழே இருக்கும் மட்டையில் பென்சிலால் ஒரு கோடு கீறிவிட்டுப் போவார் பரிமாறுகிறவர். போதும் என்றால் அந்த மட்டையை எடுத்துக் கிளாஸை மூடவேண்டும். சின்னக் கிளாஸின் அருமை எனக்குக் கிளிநொச்சியில்தான் விளங்கியது. சித்திரை வெயிலில் அரை லீற்றர் கிளாஸை நிரப்பினால் பாதி குடிக்க முன்னமே மிச்சம் சூடாகிவிடும். அதனால் எந்தப் பியரையும் பிளேன்ரீ குடிக்கிற கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித்தான் குடிக்கிறேன். போத்தல் ஐஸ் வாளிக்குள்ளேயே இருக்கும். இதை ஒருமுறை செய்து பாருங்கள், பிறகு விடமாட்டீர்கள்.

பில்ஸ்னர் வகை 1842 இல் செக் நாட்டின் பில்சன் நகரத்தில் பிறந்தது. காய்ச்சியவர் தென் ஜேர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த ஜோசப் க்ரோல். அந்த ஊர்த் தண்ணீர் மிக மென்மையானது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும், அதற்கு நேர் எதிர். அந்த மென்மைதான் சாட்ஸ் ஹொப்ஸின் (பியருக்குக் கசப்புத் தரும் ஒருவகைப் பூ) கசப்பை நாக்கில் குத்தாமல் வைத்திருக்கிறது. நெத்தலிப் பொரியலுக்கு இதைவிடப் பொருத்தமான பியரை நான் இன்னும் குடிக்கவில்லை. உறைப்புக் கூடிய நண்டுக் கறிக்கு மட்டும் சரிவராது. கசப்பும் உறைப்பும் சேர்ந்தால் வாய் எரியும்.

உறைப்புக்குக் கோதுமைப் பியர்தான். பவேரியாவில் செய்வதில் பாதிக்குக் குறையாமல் கோதுமை மோல்ட், அதாவது முளைக்க வைத்துக் காயவிட்ட கோதுமை, இருக்கும். மூடியைத் திறந்தால் வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, புளிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் தானாக உண்டாக்கும் வாசனை அது. ஊற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கிளாஸைச் சரித்துப் பிடித்து மெதுவாக ஊற்றவேண்டும். போத்தலில் இரண்டு விரல் அளவு மிச்சம் வைத்து, அதைச் சுழற்றி அடியில் கிடக்கும் ஈஸ்டைக் கலக்கி, கடைசியாக நுரையின்மேல் விடவேண்டும். தெளிவாக இருந்த பியர் அப்போது மோர் மாதிரிக் கலங்கும். ருசி முழுவதும் அந்தக் கடைசி இரண்டு விரலில்தான் இருக்கிறது.

சரி, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பியருக்கு வருகிறேன். பெல்ஜியத்தில், பிரசெல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்று ஒன்று செய்கிறார்கள். காய்ச்சிய கோதுமை, பார்லிச் சாற்றை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஊற்றி ஓர் இரவு முழுக்கத் திறந்தே வைப்பார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கிற ஈஸ்ட் தானாக வந்து இறங்கும். பிறகு மரப் பீப்பாக்களில் வருடக்கணக்காக வைப்பார்கள். இரவு குளிராக இருக்க வேண்டும் என்பதால், பழைய முறை விடாத ஆலைகள் ஏறக்குறைய ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் பழகிய லாம்பிக்குகளைக் கலந்து போத்தலில் அடைத்து மறுபடி நுரைக்க விட்டால் அதுதான் கூஸ்.

2018 இல் மச்சான் ஒருவன் இரண்டு கூஸ் போத்தல்களைச் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். முற்றத்தில் தக்கையைத் திறந்தபோது பெரியப்பாவும் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பனங்கள்ளைத் தவிர வேறொன்றையும் மதிக்காத மனிதர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு மிடறு குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“டேய் தம்பி, இது காலமை இறக்கின கள்ளைப் பின்னேரம் வரைக்கும் வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு!”

அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. கள்ளுக்கும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பாளை சீவி முட்டி கட்டினால், முட்டியிலும் காற்றிலும் இருப்பது தானாகப் புளிக்க வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி, புளிக்காத இனிப்புச் சாறான கருப்பணி எடுக்கிறோம். பிரசெல்ஸ்காரருக்கு மூன்று வருடத்தில் வருகிற புளிப்பு எங்கள் வெக்கையில் சில மணித்தியாலத்தில் வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் என்னோடு வேலை செய்தவர்கள் கூஸ் குடித்தால் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு முதல் மிடறே வீட்டு ஞாபகத்தைக் கொண்டுவந்தது. கள்ளில் இல்லாத ஒன்றும் அதில் இருக்கிறது. பழைய தோல் செருப்பும் ஈர வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு மணம் அடியில் நிற்கும். அது மரப் பீப்பாவில் வருடக்கணக்கில் வேலை செய்யும் ஒருவகைக் காட்டு ஈஸ்டின் மணம்.

உள்ளூர்ப் பியர்களில் நான் விடாமல் வாங்குவது லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர். நுவரெலியாக் குளிரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய ஆலை, இப்போது பியகமவில் இருக்கிறது. அற்ககோல் 8.8 வீதம். வெளிநாட்டுப் பியர் விமர்சகர்களும் இதைப் புகழ்ந்திருக்கிறார்கள், புகழுக்குத் தகுந்த பியர்தான். ஆனால் பகலில் தொடாதீர்கள். மார்கழி மழை கூரைத் தகரத்தில் அடிக்கும் இரவில், ஐஸ் போடாமல், ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு ஒரு போத்தலை இரண்டு பேர் பகிர்ந்து குடிக்கவேண்டும். கருக வறுத்த கோப்பியும் பனங்கட்டியும் சேர்ந்த ருசி அப்போதுதான் வெளியே வரும். மற்ற ஸ்ட்ரோங் பியர்களை எனக்குப் பிடிக்காது. கொடுக்கிற காசுக்கு வெறி கூடுதலாக ஏறும் என்றுதான் எங்கள் பக்கத்தில் வாங்குகிறார்கள், ருசிக்காக வாங்கிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒருமுறை பிரதான வீதிக் கடையொன்றில் வெளிநாட்டுப் பச்சைப் போத்தல் நான்கு வாங்கினேன். வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் எவ்வளவு நாள் நின்றதோ தெரியாது. திறந்தவுடன் எரிந்த றப்பர் மணம், நான்கையும் வாழையடியில் ஊற்றினேன். ஹொப்ஸில் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும். மண்ணிறப் போத்தல் வெளிச்சத்தைப் பெரும்பாலும் மறிக்கும், பச்சை அவ்வளவு மறிக்காது, ரின்னுக்குள் வெளிச்சமே போகாது. ஆகவே எங்கள் ஊரில் ரின் வாங்குவதுதான் புத்தி. அடியில் இருக்கும் திகதியையும் பாருங்கள். போயா நாளில் கடை பூட்டு என்பதால் முதல்நாளே வாங்கி வைக்கிறவர்கள், காரின் டிக்கிக்குள் விட்டுவிடாதீர்கள்.

மச்சான் கொண்டுவந்த இரண்டில் ஒன்று இன்னும் திறக்காமல் கிடக்கிறது. கூஸ் வருடக்கணக்கில் தாங்கும் என்றாலும் எங்கள் வெக்கையை நம்பமுடியாது, சாக்குச் சுற்றி அறையின் குளிர்ந்த மூலையில் வைத்திருக்கிறேன். பங்குனியில் பூநகரிப் பக்கம் கள்ளு நல்லாக இறங்கத் தொடங்கும். அன்றைக்கு ஒரு பிளாவில் (பனையோலைக் குவளையில்) கள்ளும் இன்னொரு பிளாவில் கூஸும் ஊற்றித் தரச்சொல்லிப் பெரியப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.